அப்பாவின் கருவிப் பலகையும் ஒரு திருத்தமும்

எங்கள் அப்பா கண்மூடி இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திருப்பலி முடிந்து, கோயில் மண்டபத்தில் பசியாறிக்கொண்டே இந்த நினைவு மலரைப் புரட்டப்போகும் உங்களுக்காக அப்பாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும் பொறுப்பை அக்கா என்னிடம் ஒப்படைத்தார். குடும்பத்தில் எழுதிப் பழகியவன் நான் ஒருவன்தான் என்பது காரணம். அதுவே அவருடைய கவலையும்.

"தம்பி, இதுல ஜோக்கெல்லாம் வேணாம்லா," என்றார். "ஃபாதர் படிப்பாரு, அத்தை படிப்பாங்க. அப்பாவும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் பயம் நியாயமானது. வார நாட்களில் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளிதழில் வேடிக்கைப் பத்தி எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக என் பத்தியில் அதிகம் அடிவாங்கியவர் அப்பாதான். வாடகை கேட்காமல், வழக்குப் போடாமல், பக்கத்திலேயே இருந்த ஒரே பாத்திரம் அவர். ஆகவே அவரைப் பற்றி ஒழுங்காக எழுதுவது எப்படி என்று தெரிந்துகொள்ள, வீட்டில் சேர்ந்து கிடந்த நினைவு மலர்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். எல்லா அப்பாக்களும் இன்முகத்தோடு விருந்தினரை வரவேற்றிருக்கிறார்கள். எங்கள் அப்பா அப்படி வரவேற்றவர் அல்லர் என்பது உங்களுக்கே தெரியும். கதவைத் திறந்ததும் வந்தவரின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பார். கருவி இரவல் கேட்டு வந்தவரா இல்லையா என்பது அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

அப்பா பிறந்தது ஜொகூரில், செடெனாக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். தாத்தா பால்மரம் வெட்டினார். மூன்று பிள்ளைகளில் அப்பா மூத்தவர், அடுத்து சித்தப்பா, கடைசியாக, எல்லோரும் 'பாப்பா' என்று கூப்பிட்ட அத்தை. இன்று எழுபதைத் தாண்டிய நம் அத்தையை அப்பா கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார். தோட்டத்துப் பள்ளியில் இருந்த வகுப்புகளை எல்லாம் படித்து முடித்தபின் அப்பா தோட்டத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ரப்பர் ஷீட் உலர்த்தும் சட்டங்கள், துரை வீட்டு ஜன்னல்கள், தேவைப்பட்டால் சவப்பெட்டி. பதினேழு வயதுக்குள் மூன்றும் அவருக்குக் கைவந்துவிட்டன.

பதினெட்டில் உள்ளூர்த் தொண்டர் படையில் சேர்ந்தார். நாட்டுப்பற்று என்று எழுத வசதியான இடம் இது. ஆனால் அவரே சொன்ன காரணம் பூட்ஸ். படையில் சேர்ந்தால் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் தருவார்கள். அந்தத் தோட்டத்தில் அட்டை கடிக்காத கால் துரையின் கால் மட்டும்தான். இரண்டாவது காலாகத் தன் கால் இருக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். பாலம் கட்டும் பிரிவில் போட்டார்கள். ஒரு வருடம் பாலம் கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஜப்பான்காரன் வந்ததும் பாலங்களை உடைக்கச் சொன்னார்கள். பிறகு கலைந்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தம்போயில், இன்று நம் வீடு இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, லாலான் புல் மண்டிக் கிடந்த ஒரு மேட்டில் சீருடையைப் புதைத்துவிட்டு, யாரோ இரங்கிக் கொடுத்த சாரோங்கோடு செடெனாக் வரை நடந்தே போய்ச் சேர்ந்தார். பூட்ஸையும் புதைத்தீர்களா என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"பூட்ஸைத்தான் மொதல்ல," என்றார்.

தாம் படைவீரராக இருந்ததைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். பின்னாளில் தபாலில் ஒரு பதக்கம் வந்தது. அதை ஆணி போட்டு வைக்கும் டின்னில் போட்டார். முன்னாள் வீரர்கள் கூடும் நாளுக்கு ஆண்டுதோறும் அழைப்பு வரும். "என்னாத்துக்கு?" என்று கேட்டு அதையும் அதே டின்னில் செருகிவிடுவார். ஜப்பான் காலம் பற்றிக் கேட்டால், மரவள்ளிக்கிழங்கு தின்றோம், சாக்கு உடுத்தினோம் என்பார். மூன்றரை ஆண்டுகளை அவர் இரண்டு வாக்கியத்தில் தாண்டிவிடுவார். நானும் இந்த இடத்தில் அப்படியே தாண்டுகிறேன். ஆனால் திரும்பி வந்தாக வேண்டும்.

போருக்குப் பின் அப்பா ஜொகூர் பாருவுக்கு வந்து ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். மாலை வகுப்புகளில் ஆங்கிலமும் மலாயும் படித்து, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, அரசாங்க இடைநிலைப் பள்ளி ஒன்றில் கைத்தொழில் ஆசிரியரானார். அம்மாவை மணந்தார். அக்காவும் நானும் பிறந்தோம். அக்கா இரண்டு வயதிலேயே ரம்பத்தைச் சரியாகப் பிடித்தாராம். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஆணி அடிக்க வராது. என் இடது கட்டைவிரல் அதற்குச் சாட்சி. அம்மா ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எங்களை விட்டுப் போனார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும் வரை அப்பா அந்த ஒரு பட்டறை வகுப்பிலேயே நின்றார். மலாய், சீன, தமிழ் மாணவர்கள் எல்லோருக்கும் அவர் 'சிக்கு காயு', அதாவது மர வாத்தியார்.

அந்தப் பட்டறைச் சுவரில் ஒரு கருவிப் பலகை இருந்தது. ஒவ்வொரு கருவியையும் பலகைமேல் வைத்து, அதைச் சுற்றிக் கறுப்புச் சாயத்தால் கோடு இழுத்திருப்பார். கருவியை எடுத்துவிட்டால் அதன் உருவம் மட்டும் சுவரில் நிற்கும். எது திரும்பி வரவில்லை என்பதை வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். பள்ளி மணி அடித்தாலும், சாமியே இறங்கி வந்தாலும், உருவங்கள் எல்லாம் நிறையாமல் ஒருவரும் வெளியே போக முடியாது.

தம்போய் வீட்டின் பின்புறக் கொட்டகையிலும் அதேபோல் ஒரு பலகை மாட்டியிருந்தார். அதில் ஒரு வித்தியாசம். கறுப்புக் கோடுகளுக்கு நடுவே ஐந்து உருவங்கள் மட்டும் சிவப்புச் சாயத்தில் இருந்தன: ரம்பம், இழைப்புளி, சுத்தியல், மூலைமட்டம், உளி. அவற்றில் உளி மட்டும் தன் இடத்தில் தொங்கும். பிடி கறுத்த, பழைய அரை அங்குல உளி. மற்ற நான்கு சிவப்பு இடங்களும் எப்போதும் காலி. புதுக் கருவி வாங்கினால் அதற்குப் புதிதாகக் கறுப்புக் கோடு இழுப்பாரே தவிர, அந்த நான்கு இடங்களில் எதையும் மாட்டமாட்டார்.

யாருக்கும் அவர் கருவி இரவல் கொடுத்ததில்லை. இல்லை என்றும் சொல்லமாட்டார். கேட்டு வந்தவரோடு தாமே கருவியை எடுத்துக்கொண்டு போய், வேலையை முடித்துக் கொடுத்து, கருவியோடு திரும்பி வருவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒரு முறை அரை மணி நேரத்துக்குச் சுத்தியல் கேட்டு வந்து, கோழிக்கூடு முழுவதையும் அப்பா கட்டி முடிக்கும் வரை தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் சுத்தியல் கேட்கவே இல்லை. மரப்பலகையை வாங்கி நேராக எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

கல்லறைத் திருநாளில் எங்களை அழைத்துக்கொண்டு போகும்போது அப்பா இரண்டு கட்டு மெழுகுவர்த்தி வாங்குவார். ஒன்று தாத்தா, பாட்டி கல்லறைக்கு. இன்னொன்றைக் கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் கொளுத்துவார். வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கு அங்கே கொளுத்துவது வழக்கம். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனதில் சித்தப்பா இறந்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்து வீட்டில்தான் அப்படி ஒருவர் இல்லை என்று நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். அப்பா அந்த இடத்தில் முழங்காலிட்டு எழுந்திருக்க மற்ற இடத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். மூட்டுவலி என்று நினைத்தேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா முறுக்குப் போட்டு வைத்த பிஸ்கட் டின்னின் மூடி திறக்க வரவில்லை. அப்போது நான் தடித்தடியான புத்தகங்களாகப் படித்து முடித்திருந்தேன். ஒரு டின்னைத் திறக்க அவற்றில் எதுவும் உதவவில்லை. கொட்டகையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த அந்த உளியை எடுத்துவந்து நெம்பினேன். மூடி திறந்தது. உளியின் முனையில் ஒரு சிறு சில்லுத் தெறித்தது. அப்பா வந்து என் கையிலிருந்து உளியை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏண்டா எடுத்த?"

"நீங்கதான் யூஸ் பண்றதே இல்லையேப்பா."

அவர் உளியைக் கொண்டுபோய் அதன் இடத்திலேயே மாட்டினார். அந்த வருடம் அவர் முறுக்கைத் தொடவில்லை. சில்லுத் தெறித்த முனையைத் தீட்டவும் இல்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், அந்த வார ஞாயிற்றுக்கிழமைக்கு எழுத எனக்கு எதுவும் சிக்கவில்லை. அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி 'எங்கள் வீட்டு ஆயுதக் கிடங்கு' என்று ஒரு பத்தி எழுதினேன். என் அப்பாவிடம் இரத்தம் கேட்டால் கிடைக்கும், ரம்பம் கேட்டால் கிடைக்காது என்று தொடங்கினேன். எந்தக் காலத்திலோ களவுபோன ஐந்து கருவிகளின் இடங்களை அவர் இன்னும் காலியாகவே வைத்துக்கொண்டு, திருடன் மனம் திருந்தி வருவான் என்று காத்திருக்கிறார் என்று எழுதினேன். போலீஸ்காரர்கள் திருடனின் கைரேகையை எடுப்பார்கள், என் அப்பா உளியின் ரேகையை எடுத்து வைத்திருக்கிறார் என்று முடித்தேன். என் பத்திகளிலேயே அதற்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது. உங்களில் சிலரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, சிரிப்பதற்காகத்தான் எழுதியிருந்தேன்.

அப்பா அதைப் படித்து, தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார் என்று அக்கா சொன்னார். அடுத்த வாரம் தம்போய் போனபோது எப்படி இருந்தது என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ம். எழுத்து ரொம்பச் சின்னதா போட்டிருக்காங்க," என்றார்.

போன வருடத் தவக்காலத்தில் அப்பாவின் இருதயம் தளர ஆரம்பித்தது. பத்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அவருடைய விருப்பம், கட்டிலைக் கொட்டகை தெரியும் ஜன்னலோரம் போட வேண்டும் என்பது மட்டும்தான். பாசிர் கூடாங்கில் மகன் வீட்டில் இருக்கும் அத்தை பெட்டியோடு வந்துவிட்டார். பகல் முழுக்க அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்.

ஒரு பிற்பகல் அப்பாவுக்கு மைலோ கலக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தேன். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"பாப்பா, அன்னிக்கு நான் சிரிச்சேன் இல்ல?"

அத்தையின் விரல்கள் ஜெபமாலையில் நின்றன.

"சிரிச்சீங்கண்ணே."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். நானும்தான் சிரிச்சேன். அம்மாகூடச் சிரிச்சாங்க. நமக்கு என்னாண்ணே தெரியும்?"

மைலோவில் ஆடை கட்டும் வரை நான் வாசலிலேயே நின்றேன். மாலையில் அத்தையைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன அது என்று கேட்டேன். அத்தை முதலில் அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு சொன்னார். தாண்டி வந்த மூன்றரை ஆண்டுகளுக்கு இப்போது திரும்புகிறேன்.

ஜப்பான் காலத்தின் இரண்டாம் வருடம், வீட்டுக்கு ஓர் ஆள் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்கு வர வேண்டும் என்று தோட்டத்துக்கு உத்தரவு வந்தது. மூன்று மாத வேலை என்றார்கள். பத்தாம் நாள் ரயில். தாத்தாவுக்கு வயது கடந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்த ஆண்கள் அப்பாவும் சித்தப்பாவும். பெயர் எழுத வந்த தோட்டத்துக் கிராணி நல்ல மனிதர். பெரியவன் பெயரை எழுத முடியாது என்று அவரே சொன்னார். வெள்ளைக்காரன் படையில் இருந்தவன் என்று தெரிந்தால் ரயில் ஏறும் முன்பே கதை முடிந்துவிடும். அடுத்த தோட்டத்தில் அப்படி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அவர்கள் திரும்பவில்லை. சித்தப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. புல்வெட்டுக் கும்பலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு. "நான் போறேன், மூணு மாசம்தானே," என்று அவரே சொல்லிவிட்டார்.

தம்பியை வெறுங்கையோடு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அவர் பார்த்திருந்த பட்டாளம் ஒன்றே ஒன்று. அதில் கருவி வைத்திருந்த தச்சர்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். கையில் தொழில் இல்லாதவர்கள் வெயிலில் மண் வெட்டினார்கள். எல்லாப் பட்டாளமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். ஆகவே, தொழில் என்ன என்று கேட்டால் தச்சன் என்று சொல்லிவிடு, நிழலில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்று தம்பிக்கு யோசனை சொன்னார்.

அதில் ஒரு சிக்கல். சித்தப்பாவுக்கு ஆணி அடிக்கக்கூட வராது. நம் குடும்பத்தில் அந்தக் குறை என்னோடு தொடங்கவில்லை என்று தெரிந்ததில், அந்த நிலையிலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. இருந்தது ஒன்பது நாள். பாட்டி சூசையப்பருக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கினார். அவரும் தச்சர்தானே, பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அதே ஒன்பது நாளும் அப்பா, வேலை முடிந்து இருட்டுவதற்குள், பட்டறைக்குப் பின்னால் தம்பிக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். பலகை ஆடாமல் இருக்க அத்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா சும்மா இருக்கமாட்டாராம்.

"ஏண்ணே, சூசையப்பருக்கு எத்தனை நாள்ல வந்துச்சு?"

"பேசாம கோட்டைப் பாரு."

"இல்ல, அவருக்கு அண்ணன் இல்லபோல. அடி வாங்காமலே கத்துக்கிட்டிருப்பாரு."

அப்பா அடிக்கவும் செய்தாராம். கோட்டை விட்டு ரம்பம் விலகினால் மண்டையில் குட்டு. நேரம் இல்லை அல்லவா. ஒன்பதாம் நாள் சித்தப்பா இரண்டு சட்டங்களைக் குறுக்கே வெட்டி ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். கையில் எடுத்து ஆட்டிப் பார்த்த அப்பா, "ம், போதும்," என்றார். இரண்டு சட்டங்கள் குறுக்கே பொருந்தினால் என்ன உருவம் வருமோ அதுவே வந்தது. அத்தை வீட்டுப் பீடத்தில் இருக்கும் அந்த மரச் சிலுவையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் கோணல்.

அப்பா தம் பெட்டியில் ஐந்து கருவிகளை வைத்துக் கொடுத்தார். தோட்டத்தில் அதற்குப் பிறகு அவரிடம் சொந்தக் கருவி என்று எதுவும் இல்லை. பத்தாம் நாள் ரயில் நிலையத்துக்கு அவர் போகக்கூடாது. பாட்டியும் அத்தையும் போனார்கள். மற்ற எல்லோரையும் நிற்க இடமில்லாமல் ரயில் பெட்டிகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா முறை வந்ததும் தச்சன் என்று சொல்லிக் கருவிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். மொழிபெயர்ப்பாளன் தலையாட்டி, அவரைக் கடைசிப் பெட்டிக்கு அனுப்பினான். அதில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அத்தை ஓடோடி வந்து, லயத்து வாசலில் காத்திருந்த அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னார்.

"அண்ணே, சின்னண்ணனுக்குத் தனிப் பெட்டிண்ணே. எடம் இருக்கு. உக்காந்துட்டுப் போறாரு."

அப்பா சத்தமாகச் சிரித்தார். அத்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பாட்டி ஒளித்து வைத்திருந்த கடைசிப் பிடி அரிசியை அன்று கஞ்சி வைத்தார்.

போர் முடிந்த பிறகு ஒரு மனிதர் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்கு வந்தார். சித்தப்பாவோடு அதே கடைசிப் பெட்டியில் போனவர். துணியில் சுற்றிய ஓர் உளியை அப்பாவிடம் கொடுத்தார். பாதி வழியில் மற்றப் பெட்டிகளை நிறுத்தி இறக்கி மண் வெட்டவிட்டார்கள். தச்சர் பெட்டியை மட்டும் நிறுத்தாமல் மேலே, காட்டுக்குள், பாலம் போடும் ஆற்றங்கரை வரை கொண்டுபோனார்கள். அங்கே வாந்திபேதி. கீழே மண் வெட்டியவர்களில் கொஞ்சம் பேராவது நம் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். தச்சர் பெட்டியில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அந்த மனிதர் ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னார்.

"ஒங்க தம்பி நல்ல தச்சருங்க. அவரு கட்டுன சாரத்துல நாங்க பயப்படாம ஏறுவோம்."

அந்த வார்த்தைதான் அண்ணனைத் தின்றுவிட்டது என்றார் அத்தை. பொய்யாகத் தச்சனாகப் போன தம்பி, அங்கே போய் மெய்யாகவே தச்சனாகிவிட்டார். தான் கற்றுக்கொடுக்காமல் விட்டிருந்தால் அவன் எல்லோரோடும் சேர்ந்து கீழே மண் வெட்டியிருப்பான் என்று அப்பா ஒரே ஒரு முறை அத்தையிடம் சொன்னாராம். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தப் பிற்பகல் வரை.

அப்படிப்பட்டவர் ஏன் அதே தொழிலைப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பவன் என்று பெயரெடுத்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் கேட்கத் தைரியமும் வரவில்லை.

மறுநாள் காலை அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பது நகைச்சுவை எழுதுவதைவிடக் கடினம். அதற்கு ஒத்திகையும் இல்லை.

"அப்பா, அந்தப் பத்தி..."

"எந்தப் பத்தி?"

"ஆயுதக் கிடங்கு."

"ம்," என்றார். ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தபடி, "அதுல ஒரு தப்பு இருக்கு," என்றார்.

என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை. மொத்தமுமே தப்பு என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை அப்போதும் உப்புத்தாள் போல் இருந்தது. மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில், அக்கா தேநீர் கொண்டுபோனபோது, ஜன்னல் பக்கம் முகம் திருப்பியபடி எழுபத்தொன்பது வயதில் அப்பா போய்விட்டார்.

சவப்பெட்டியை மூடும் முன், ஜெபமாலையோடு அந்த உளியையும் அப்பா கையில் வைக்கலாம் என்று அக்கா எடுத்து வந்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அத்தை குறுக்கே கை நீட்டித் தடுத்துவிட்டார். "வேணாம்மா. அது வீட்டுக்கு வந்துருச்சு. மறுபடியும் அனுப்பாதீங்க."

இறுதிச் சடங்குக்கு அப்பாவின் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், நான் அந்தப் பத்தி எழுதியவன் என்று தெரிந்து என்னைத் தேடி வந்தார். பள்ளியில் ஒரு முறை அவர் ஓர் உளியைத் தொலைத்துவிட்டுப் பயத்தில் மூன்று நாள் பள்ளிக்கே போகவில்லையாம். நான்காம் நாள் அப்பா சைக்கிளில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள்.

"சார் என்னா சொன்னாரு தெரியுமா?" என்றார் அந்த மனிதர். "'பலகையில ஒண்ணு, பெஞ்சுல ஒண்ணு, ரெண்டு எடம் காலியா கெடக்கு. நீ வாடா, ஒண்ணாவது நெறையட்டும்'னாரு. அதை நீங்க பேப்பர்ல எழுதலையே, சார்."

எழுதவில்லை. எனக்குத் தெரியாது. என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதவற்றை எழுதினால் இந்த மலர் போதாது.

நாற்பதாம் நாள் அப்பாவின் படத்தை மாட்ட ஆணி தேடினேன். ஆணி டின்னில், பதக்கத்துக்கும் அழைப்பிதழ்களுக்கும் அடியில், நான்காக மடித்த அந்தப் பத்தி கிடைத்தது. விரித்துப் பார்த்தேன். இரத்தம், ரம்பம் என்ற வரியில் எந்தக் குறியும் இல்லை. திருடன், கைரேகை எல்லாம் அப்படியே இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் தச்சர் பென்சிலால், மாணவர் நோட்டைத் திருத்துவதுபோல், 'ஐந்து' என்ற சொல்லை அடித்து மேலே 'நான்கு' என்று எழுதியிருந்தார். ஓரத்தில் சின்னதாக இன்னொரு வரி: 'ஒன்று வந்துவிட்டது.'

நான்கைவிட ஐந்து என்பது வாக்கியத்தில் எடுப்பாக விழுந்தது. அதனால் ஐந்து என்று போட்டேன். கொட்டகைக்குப் போய் ஒரு முறை எண்ணிப் பார்க்கவில்லை. அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாட்களில் அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும், அப்பா திட்டியதையும் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும் நன்றி. நேரம் பாராமல் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. இரவு வேலை முடித்துத் தூங்காமல் தினமும் அத்தையைப் பார்க்க வந்துபோன அத்தை மகனுக்கும், பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிய பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் நன்றி. அவர் அன்றும் எங்களிடம் சுத்தியல் கேட்கவில்லை. தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு, இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகும் முன் படித்து ஒரு வரியையும் வெட்டாமல் விட்ட அக்காவுக்கும், எங்களோடு அழுத உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கருவிப் பலகை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. யாருக்கு எது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். கருவி தொலைந்துபோனால் அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

பத்திரிகையில் தவறு வந்தால் திருத்தம் வெளியிடுவது முறை. அந்த நாளிதழில் இதற்கு இடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே இங்கே:

திருத்தம். 'எங்கள் வீட்டு ஆயுதக் கிடங்கு' என்ற பத்தியில், கருவிகள் களவுபோனவை என்று வந்திருந்தது. அவை கொடுத்து அனுப்பியவை. காலியான இடங்கள் ஐந்து என்று வந்திருந்ததும் தவறு. நான்கு. ஒன்று வந்துவிட்டது.

தவறுக்கு வருந்துகிறேன், அப்பா.